கோயில் வாசலிலும் பூங்காவிலும் தூங்குபவர்களை எழுப்பி விரட்டலாமா? சட்டம் சொல்வது என்ன? காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ராத்திரி பூஜை முடிந்து கோயில் நடை சாத்தியதும் காஞ்சிபுரத்தில் இன்னொரு நடமாட்டம் தொடங்கும். பட்டுக் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு அதன் படிக்கட்டில் ஒரு பாய் விரியும். சன்னதித் தெரு மண்டபத்தில் ஒரு சாக்கு, பேருந்து நிலைய நடைமேடையில் ஒரு துண்டு, அரசு மருத்துவமனை சுவரோரம் ஒரு போர்வை. விடிவதற்குள் எல்லாம் சுருட்டப்பட்டுவிடும். பகலில் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அங்கே யாராவது படுத்திருந்த அடையாளமே தெரியாது.

அமெரிக்க நகரப் பூங்காக்களில் வீடற்றவர்கள் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் தங்கும் படங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர் கதை வேறு. இங்கே கூடாரம் கிடையாது, பாய்தான். பூங்காவுக்கு இரவில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அதனால் பூங்காவின் வெளிச்சுவர், குளக்கரைப் படி, கோபுர வாசல் என்று ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் பிரச்சினை யார் கண்ணிலும் படுவதில்லை. திருவிழாவோ, பெரிய மனிதர் வருகையோ நெருங்கும்போதுதான் திடீரென்று கண்ணில் படுகிறது. அப்போது கேட்கப்படும் கேள்வியும் ஒன்றுதான்: "இவங்களை எங்கே அனுப்புறது?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதில் பலருக்கும், சில நேரம் எழுப்பிவிடப் போகும் ஊழியர்களுக்கே கூட, தெரிவதில்லை.

யார் இவர்கள்?

"எல்லாரும் பிச்சைக்காரங்க" என்பது பொதுவான நினைப்பு. அது பாதி உண்மை கூட இல்லை.

கோயில் நகரம் என்பதால் யாசகம் கேட்டு வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கைவிட்டவர்கள், கைவிடப்பட்டதை வெளியே சொல்ல மனமில்லாமல் "சாமி கும்பிட வந்தேன்" என்று சொல்லிக்கொள்பவர்கள், காவி கட்டிய பரதேசிகள் எல்லாரும் இதில் அடக்கம். பாசிமணி, ஊசி விற்கும் நரிக்குறவர் குடும்பங்கள் திருவிழாவுக்குத் திருவிழா ஊர் மாறி வரும். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர், ஓட்டலில் மேசை துடைப்பவர், மூட்டை தூக்குபவர் என்று தினக்கூலிக்குப் போகிறவர்களும் உண்டு. கூலி வருகிறது, ஆனால் அட்வான்ஸ் கொடுத்து அறை பிடிக்கும் அளவுக்கு இல்லை.

காஞ்சிபுரத்துக்கென்றே இன்னொரு பிரிவும் உண்டு. காரப்பேட்டையில் 1969-ல் தொடங்கப்பட்ட அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஏழை நோயாளிகள் வருகிறார்கள். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் ஒரு நாளில் முடிகிற காரியமா? வாரக்கணக்கில் ஓடும். நோயாளிக்குக் கட்டில் கிடைத்தாலும் கூட வந்தவருக்குக் கிடைக்காது. ஊரில் சொந்த வீடு வைத்திருப்பவர் கூட இங்கே அந்த நாட்களுக்கு வீடற்றவர்தான்.

நெசவாளர்கள் வீடற்றவர்களா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆனால் விளிம்பு தூரத்தில் இல்லை. பட்டுத் தறி வீட்டுக்குள்ளேயே பள்ளம் தோண்டி அமைக்கப்படுவது. வாடகை வீட்டை இழந்தால் தறி வைக்கும் இடமும் போய்விடும், அதாவது வேலையும் போய்விடும். மற்றவர்களுக்கு வீடு போனால் வேலையாவது மிஞ்சும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வாடகை என்பது கூரைக்கு மட்டும் கொடுக்கும் காசு இல்லை.

எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். இதில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம். தமிழ்நாட்டில் மொத்தம் 50 ஆயிரத்தைத் தாண்டியது, அதில் நகரங்களில் சுமார் 37 ஆயிரம். இந்த எண்ணிக்கை மிகக் குறைவு என்று வீடற்றோருக்காக வேலை செய்பவர்கள் அப்போதிருந்தே சொல்லிவருகிறார்கள். காரணம், வீடற்றவர்கள் ஒரே ஒரு இரவில் எண்ணப்பட்டார்கள்: 2011 பிப்ரவரி 28.

கணக்கெடுப்பின் விளக்கத்தில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. சாலையோரம், நடைபாதை, பெரிய சிமென்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, ரயில் நடைமேடை ஆகியவற்றோடு, வழிபாட்டுத் தலங்களிலும் மண்டபங்களிலும் திறந்த வெளியில் வசிப்பவர்களும் வீடற்றவர்கள் என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரம் மாதிரி ஊர்களுக்காகவே எழுதினது போல இருக்கும்.

ஆனால் நடைமுறையைப் பாருங்கள். பிப்ரவரி கடைசி என்றால் தமிழுக்கு மாசி மாதம். காமாட்சி அம்மன் கோயில் பிரம்மோற்சவம் வரும் மாதம் அது. மண்டபத்தில் படுத்திருப்பவர்களில் யார் வெளியூர் பக்தர், யார் போக்கிடம் இல்லாதவர் என்று நடுராத்திரியில் டார்ச் அடித்து எப்படிப் பிரிப்பது? அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் கணக்கீட்டு நாளாக வைத்து நடக்கவிருக்கிறது. விடுபட்டால் திட்டங்களின் கணக்கிலும் பல ஆண்டுகளுக்கு விடுபட்டதுதான்.

இடம் யாருடையது? "எங்க லிமிட் இல்ல சார்"

காஞ்சிபுரம் 1866-ல் நகராட்சியானது. 2021-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 51 வார்டுகள். ஆனால் ஊரில் ஒருவர் படுத்திருக்கும் இடம் எல்லாமே மாநகராட்சிக்குச் சொந்தமானது இல்லை.

பூங்காவும் பேருந்து நிலையமும் மாநகராட்சி. கோயிலுக்குள் இருக்கும் மண்டபம் என்றால் இந்து சமய அறநிலையத் துறை. கைலாசநாதர் கோயில் புல்வெளி என்றால் இந்தியத் தொல்லியல் துறை. ரயில் நிலையம் ரயில்வே. வேகவதி ஆற்றங்கரை நீர்வளத் துறை. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை. ஒருவரை ஒரு இடத்திலிருந்து எழுப்பினால் அவர் ஐம்பது அடி தள்ளிப் போய்ப் படுப்பார். அது வேறு துறையின் எல்லை. இவருக்குப் பிரச்சினை தீர்ந்தது, அவருக்குத் தொடங்கியது. படுத்தவருக்கு ஒன்றும் மாறவில்லை, தூக்கம் கெட்டது மட்டும்தான் மிச்சம்.

2015-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஹிருதய்' பாரம்பரிய நகர மேம்பாட்டுத் திட்டத்தில் நாடு முழுக்கத் தேர்வான 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து மற்றொன்று வேளாங்கண்ணி. கோயில் குளங்களையும் சுற்றுப்புறங்களையும் அழகுபடுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. அழகுபடுத்துவது நல்ல காரியம்தான், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் வேலி, விளக்கு, காவலாளி வந்த இடங்களில் எந்த ஊரிலும் முதலில் காணாமல் போவது அங்கே படுத்திருந்தவர்கள்தான். அவர்கள் எங்கே போக வேண்டும் என்பதற்கு அழகுபடுத்தும் திட்டங்களில் பொதுவாக ஒரு வரி கூட இருக்காது.

எழுப்பி விரட்டலாமா? வழக்குகள் சொல்வது

இந்தியாவில் இந்த விஷயத்தில் அடிப்படைத் தீர்ப்பு 1985-ல் வந்தது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு, சட்ட உலகில் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. அதில் மனுதாரர்களில் ஒருவர் நம்ம சேலத்துக்காரர். நிலமில்லாத விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போய் 1961-ல் பம்பாய்க்குப் போனவர். தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலையோரம் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட ஒரு குடிசைக்கு, அந்தப் பகுதி ரவுடிக்கு 2,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். மனைவி, மூன்று மகள்களோடு அதில் வாழ்ந்தார். 1981 ஜூலையில் குடிசையை இடித்துவிட்டுக் குடும்பத்தையே சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அவர் வேலைக்காகத் திரும்பவும் பம்பாய்க்கே போனார். பஸ் ஏற்றிவிடுவது தீர்வாகாது என்பதற்கு நீதிமன்றப் பதிவிலேயே இருக்கும் சாட்சி அது.

அந்தத் தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, வாழும் உரிமை என்பதில் பிழைப்பதற்கான உரிமையும் அடங்கும். நடைபாதையில் வாழ்பவர் வேலைக்குப் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் அங்கே வாழ்கிறார், அங்கிருந்து துரத்துவது அவர் பிழைப்பைப் பறிப்பது. இரண்டு, அதற்காக நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை. அகற்றலாம், ஆனால் முன்னறிவிப்பு கொடுத்து, அவர் தரப்பைக் கேட்டு, நியாயமான முறையில் அகற்ற வேண்டும்.

இந்தத் தீர்ப்பை இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். முழுசாகப் படித்தால் அரசுக்கும் வேலை இருக்கிறது.

புல்டோசர் இடிப்புகள் குறித்து 2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பலருக்கும் நினைவிருக்கும். கட்டடம் இடிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது. ஆனால் சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அந்த நெறிமுறைகள் பொருந்தாது என்றும் அதிலேயே விலக்கு இருக்கிறது. வேகவதிக் கரையில் இருப்பவரோ நடைபாதையில் ஷீட் கட்டியவரோ அந்தத் தீர்ப்பைக் காட்டி நிற்க முடியாது. பழைய 1985 தீர்ப்புதான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

பூங்காவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் 1959-லிருந்தே பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்கும் தனிச் சட்டம் உண்டு. பூங்காவை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். இரவில் பூங்காவைப் பூட்டுவதும் உள்ளே படுத்தவரை வெளியேறச் சொல்வதும் மாநகராட்சியின் அதிகாரம். அதில் சந்தேகமில்லை. அதே மாநகராட்சிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு என்பதுதான் மறந்துபோகிற பகுதி.

காஞ்சிபுரத்துக்கு எத்தனை காப்பகம் வேண்டும்?

2010 ஜனவரி, டெல்லியில் கடுங்குளிர். வீடற்றோர் தங்கியிருந்த ஒரு தற்காலிகக் கூடாரம் அகற்றப்பட்டு, குளிரில் உயிரிழப்பு நேர்ந்தது. அப்போது உணவு உரிமை வழக்கை விசாரித்துவந்த உச்ச நீதிமன்றத்துக்கு, அது நியமித்த ஆணையர்கள் கடிதம் எழுதினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த உத்தரவுகளில்தான், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் உருவானது.

2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கியது. தமிழ்நாட்டில் இதை நடத்துவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்வாதார இயக்கம். வழிகாட்டுதலின்படி நகர மக்கள்தொகையில் ஒரு லட்சத்துக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் நிரந்தர இடம் வேண்டும். ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர். ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி. குடிநீர், கழிப்பறை, சமையல் வசதி, படுக்கை, சாமான் வைக்கப் பூட்டுள்ள பெட்டி. பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் தனி ஏற்பாடு.

ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களும் மாவட்டத் தலைநகரங்களும் இந்தத் திட்டத்தின் வரம்புக்குள் வந்தன. காஞ்சிபுரம் இரண்டு வகையிலும் தகுதி பெறுகிறது. 2011-ல் காஞ்சிபுரம் நகரின் மக்கள்தொகை சுமார் 1.64 லட்சம். கணக்குப் போட்டால் குறைந்தது 164 பேருக்கு இடம் வேண்டும், அதாவது இரண்டு அல்லது மூன்று காப்பகங்கள். ஒருவருக்கு 50 சதுர அடி என்றால் மொத்தம் 8,200 சதுர அடி. ஊரில் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் அளவுதான். 2011-க்குப் பிறகு ஊர் வளர்ந்திருப்பதால் உண்மையான தேவை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

பணம் எங்கிருந்து வரும் என்பது இப்போதைய சிக்கல். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பரோடு முடிந்தது. 2025 பிப்ரவரியில் வீடற்றோர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நகர்ப்புற வறுமை ஒழிப்புக்கான புதிய திட்டம் இறுதி செய்யப்படுகிறது, தங்குமிடமும் அதில் வரும் என்று மத்திய அரசு சொன்னது. எவ்வளவு நாளில் என்று கேட்டுச் சொல்லுமாறு நீதிமன்றம் கூறியது. அன்றைக்குத் தலைப்புச் செய்தியானது இது இல்லை. 'இலவசங்களால் மக்கள் வேலைக்குப் போக விரும்புவதில்லை' என்று அதே விசாரணையில் நீதிபதி சொன்ன கருத்துதான் நாள் முழுக்க விவாதமானது. காப்பகங்களுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

காப்பகம் இருந்தாலும் ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்?

"இடம் கொடுத்தாலும் போறதில்லை, அவங்களுக்கு ரோடுதான் பிடிக்குது" என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கலாம். அந்தச் சலிப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் போக மறுப்பவரின் கணக்கையும் கேட்க வேண்டும்.

விடிகாலை விஸ்வரூப தரிசனக் கூட்டம் வரும்போது கோயில் வாசலில் இருந்தால்தான் நாலு காசு. காப்பகம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஆட்டோவுக்குக் கொடுக்கவா? காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவருக்கு லாரி வருவது பின்னிரவு 2 மணிக்கு. ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு ஒரு கட்டடம் என்றால் எழுபது வயதுக் கணவன் மனைவி பிரிய வேண்டும். தள்ளுவண்டி வைத்திருப்பவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? குடிப்பவர்களை உள்ளே விடமாட்டார்கள். நாய் வளர்ப்பவர் நாயை விட்டு வரமாட்டார். இதனால்தான் பேருந்து நிலையம், ரயில் நிலையம், சந்தை என வீடற்றவர்கள் கூடும் இடங்களுக்குப் பக்கத்திலேயே காப்பகம் அமைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. நடுஊரில் இடம் கிடைப்பதில்லை என்று புறநகரில் கட்டினால் கட்டடம் திறப்பு விழாவோடு நின்றுவிடும்.

சாப்பாட்டை வைத்துப் பார்த்தால் இது இன்னும் புரியும். 2002-லிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் நடக்கிறது. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். இரண்டுமே ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போனதால் வெற்றி பெற்றவை. கோயில் ஊரில் ஒரு வேளைச் சோற்றுக்கு வழி இருக்கிறது, தலை சாய்க்கத்தான் இல்லை. இத்தனைக்கும் சத்திரம் கட்டுவதும் திண்ணை விடுவதும் இந்த ஊருக்குப் பழசு. மணிமேகலைக் காப்பியத்தில் பஞ்சத்தில் வாடும் காஞ்சிக்கு அமுதசுரபியோடு வந்து மணிமேகலை சோறிடுகிறாள். அதே காப்பியத்தில் பூம்புகாரில் ஆதரவற்றவர்கள் தங்க 'உலக அறவி' என்ற பொது அம்பலமும் வருகிறது. சோறும் கூரையும் சேர்ந்தே யோசிக்கப்பட்டிருக்கின்றன.

அன்னதானத்திலும் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடுவதில்லை. 2021-ல் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலில் அன்னதானத்துக்கு உட்கார்ந்தபோது தன்னை எழுப்பி அனுப்பியதாக ஒரு நரிக்குறவர் பெண் பேசிய வீடியோ பரவியது. அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். சில நாளில், தீபாவளி அன்று, முதல்வர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கு நேரில் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார். சோற்றுப் பந்தியில் தொடங்கிய விவகாரம் மனைப்பட்டாவில் போய் முடிந்ததற்குக் காரணம், அந்த மக்கள் பல வருஷமாகக் கேட்டது அதைத்தான்.

பிச்சை எடுப்பது குற்றமா?

தமிழ்நாட்டில் 1945-ல் வந்த பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. பொது இடத்தில் யாசகம் கேட்பவரைப் பிடித்து அரசுப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்ப அது வழிசெய்கிறது. வீடற்றவர்களை அள்ளிக்கொண்டு போகும்போது பெரும்பாலும் நிழலாக நிற்பது இந்த வகைச் சட்டங்கள்தான். 2017 நவம்பரில் இவான்கா டிரம்ப் வந்த சர்வதேச மாநாட்டுக்கு முன்னால் ஹைதராபாதில் யாசகம் கேட்கத் தடை போட்டு, பிடிபட்டவர்களைச் சிறை வளாகங்களையொட்டிய இல்லங்களில் தங்கவைத்தார்கள்.

காற்று மெல்ல மாறுகிறது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம், யாசகத்தைக் குற்றமாக்கும் பிரிவுகளை டெல்லியைப் பொறுத்தவரை ரத்து செய்தது. 2021-ல் கொரோனா காலத்தில் யாசகர்களைத் தெருக்களிலிருந்து அகற்றக் கோரிய மனுவில், மேட்டுக்குடிப் பார்வையில் இதைப் பார்க்க முடியாது, வேறு வழியில்லாமல்தான் ஒருவர் தெருவில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் கூறி அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்மைல்' திட்டம், வழிபாட்டு, சுற்றுலா, வரலாற்று நகரங்களைக் குறிவைத்து யாசகர் மறுவாழ்வுக்குப் பணம் தருகிறது. கணக்கெடுப்பு, காப்பகம், தொழிற்பயிற்சி என்பது அதன் வரிசை. ஆனால் எழுபத்தைந்து வயது பாட்டிக்குத் தொழிற்பயிற்சி எதற்கு? அவருக்கு வேண்டியது மாசம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை தவறாமல் வருவதும், படுக்க ஓர் இடமும்.

மனநலம் பாதித்தவர் என்றால் வேறு சட்டம்

தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிபவரை இன்னொரு ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வரும் பழக்கம் பல ஊர்களில் இருந்தது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு இதற்கு நேர் எதிரானது. அப்படித் திரிபவரைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சிகிச்சை தேவையில்லை என்று டாக்டர் சொன்னால் வீட்டிலோ அரசுக் காப்பகத்திலோ சேர்க்க வேண்டும். தெருவில் மறுபடியும் விட்டுவிடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சென்னையில் 1993-ல் தொடங்கப்பட்ட 'தி பான்யன்' அமைப்போடு சேர்ந்து தமிழ்நாடு அரசு மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் திறந்தது இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான்.

வேகவதி சொல்லும் பாடம்

வீடற்றவர்களுக்கும் குடிசைவாசிகளுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் ஒருவர் இன்னொருவராக மாற ஒரு மழை போதும். காஞ்சிபுரம் ஊருக்குள் ஓடும் வேகவதி ஆற்றங்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு கட்டி வாழ்ந்துவருகின்றன. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வருஷங்களில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகும், பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் தங்கவைப்பார்கள், வடிந்ததும் திரும்புவார்கள்.

இவர்களுக்காகக் கீழ்கதிர்பூரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை அரசு கட்டியது. ஆனால் பல குடும்பங்கள் போகத் தயங்கின. பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வீட்டு வேலைக்குப் போகும் தெரு, தறிக்கூலி கொடுக்கும் முதலாளி எல்லாம் ஊருக்குள் இருக்கிறது. சேலத்துக்காரர் பம்பாய்க்குத் திரும்பிப்போன அதே காரணம்தான். ஆறும் காப்பாற்றப்பட வேண்டியதுதான், வெள்ளத்தில் மாட்டுவது அதே மக்கள் என்பதால் இடம்பெயர்வதை ஒரேயடியாக எதிர்ப்பதும் சரியாகாது. கட்டும் முன் எங்கே கட்டுவது என்று அவர்களிடம் பேசியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஒரு சின்ன ஊர். காஞ்சிபுரத்தில் நாலில் ஒரு பங்கு ஜனத்தொகை கூட இல்லை. அங்கே பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம், தொடர்ந்தால் பூங்காவுக்குள் நுழையத் தடை, அதையும் மீறினால் சிறை. காப்பகத்தில் இடமே இல்லாதபோது தூங்கினதற்குத் தண்டனையா என்று வழக்கு போனது. 2024 ஜூன் 28-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல நகரங்கள் கூடாரங்களை அகற்றுவதில் வேகம் காட்டின. அபராதம் கட்ட முடிந்திருந்தால் அவர்கள் ஏன் பூங்காவில் படுக்கப்போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பின்லாந்து எதிர்த்திசையில் போனது. முதலில் வேலை தேடு, குடியை நிறுத்து, பிறகு வீடு என்பதைத் தலைகீழாக்கி, முதலில் வீட்டுச் சாவி, பிறகு மற்றதெல்லாம் என்று 2008-லிருந்து செய்தது. 1980-களின் கடைசியில் 15 ஆயிரத்தைத் தாண்டியிருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2020-களில் 4 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. பணக்கார நாடு, சின்ன ஜனத்தொகை, நமக்குச் சரிப்படுமா என்று கேட்கலாம். 2020 ஊரடங்கின்போது சென்னை மாநகராட்சி, தெருவில் இருந்தவர்களைப் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் சில நாட்களிலேயே தங்கவைத்தது. கட்டடம் இல்லை என்ற பதில் அப்போது வரவில்லை.

தெருவில் ஒருவரைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

ஆதரவற்ற முதியவர் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடல்நிலை மோசம் என்றால் 108. பிள்ளைகள் கைவிட்டிருந்தால், 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டியதில்லை. பெற்றோரைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவர் சம்மதமில்லாமல் வண்டியில் ஏற்றச் சொல்லாதீர்கள். அவருடைய பையைத் தூக்கி எறிய விடாதீர்கள். நமக்குக் குப்பைப் பை போலத் தெரியும் அதற்குள்தான் ஆதார் நகல், மருத்துவமனைச் சீட்டு, பென்ஷன் புத்தகம் எல்லாம் இருக்கும். அது போனால் முகவரி இல்லாதவர் அத்தனையையும் திரும்ப வாங்க மாசக்கணக்கில் அலைய வேண்டும்.

முகவரி இல்லாதவருக்கு ஓட்டு உண்டா என்றால், உண்டு. வீடற்றவர் படிவம் 6-ல் தான் இரவில் தூங்கும் இடத்தை முகவரியாக எழுதிக் கொடுக்கலாம். முகவரிச் சான்று எதுவும் தேவையில்லை. அவர் உண்மையிலேயே அங்கேதான் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கும் மேற்பட்ட இரவுகள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அந்த அலுவலர் வரும் ராத்திரியில் அவரை யாரும் எழுப்பி விரட்டியிருக்கக் கூடாது.